நிற்காத முள்

ஒரு பல் டாக்டர் வாயைத் திறக்க இவ்வளவு யோசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை. எங்கள் ஆபீஸ் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சலவைக்கடைக்கு மேலே ஒரே அறை. கீழே இஸ்திரி போடும்போதெல்லாம் எங்களுக்கு இலவசமாக வேர்க்கும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் என் அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது, எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்டவர்களையெல்லாம் எரிய வைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், நடுநடுவே ஜோக் அடிக்கிறேன். இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. முதலாவதற்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

"சொல்லுங்க டாக்டர்" என்றார் அண்ணி.

"ஒரு வாட்ச் காணாமப் போச்சு. என்னோடது இல்ல."

"அப்ப நீங்க ஏன் வந்தீங்க?"

டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஒருத்தரோட பையைத் தலைகீழாக் கொட்டினேன். இந்தக் கையாலதான். அதுலேர்ந்து தூக்கமில்ல."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் மூன்று பேருக்கு ஒரே பைத்தியம். சுவிஸ் வாட்ச். அதிலும் குரோனோகிராஃப், அதாவது உள்ளேயே ஸ்டாப்வாட்ச் வைத்த வாட்ச். அதிலும் ஆட்டோமேட்டிக், பேட்டரி கிடையாது, கை ஆட்டத்திலேயே சாவி ஏறிக்கொள்ளும். டாக்டர் ஒருவர். குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி இன்னொருவர். மூன்றாவது, குடிநீர் வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். குடிநீர் வாரியத்துக்காரருக்குப் பொருத்தமான பட்டம் என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை மூவரும் சங்கத்தின் கிளப் ரூமில் கூடுவார்கள். மூன்று வாட்சும் ஒரு வெல்வெட் தட்டில் படுக்கும். டாக்டர் போட்டோ எடுப்பார். அப்புறம் டீ, பிஸ்கட், யார் வாட்ச் உசத்தி என்று சண்டை.

"நல்ல விலையா?" என்றேன்.

"ரொம்ப இல்லை. மிடில் ரேஞ்ச்தான்." விலையைச் சொன்னார்.

எந்த மிடில் என்று எனக்குப் புரியவில்லை. என் மிடிலில் அந்த விலைக்கு ஒரு கார் வரும், டிரைவரோடு.

"இந்தச் சனிக்கிழமை என்ன ஆச்சு?" என்றார் அண்ணி.

"போட்டோ எடுத்து, டீ குடிச்சு முடிச்சோம். செக்ரட்டரிக்குப் போன் வந்துச்சு, விருந்தாளி ஒருத்தர் வழி கேட்டு. நானும் அவரும் பால்கனிக்குப் போய்க் கையைக் காட்டினோம். மீட்டர் பாத்ரூம்ல இருந்தார். வாட்ச்மேன் டீ கிளாஸ் எடுக்க வந்துட்டுப் போனார். திரும்பிப் பார்த்தா தட்டுல ரெண்டு வாட்ச்தான். மீட்டரோடது இல்ல."

"உடனே வாட்ச்மேன் பையைக் கொட்டினீங்க."

"எல்லாரும் பாக்கெட்டைக் காட்டினோம். அப்புறம் செக்ரட்டரி சொன்னார், நான்..." டாக்டர் நிறுத்தினார். "பையில வாட்ச் இல்ல. டிஷ்யூ பேப்பர்ல சுத்தி எங்க பிஸ்கட் நாலஞ்சு இருந்துச்சு. அதுவே போதும்னுட்டார் செக்ரட்டரி. பிஸ்கட் எடுக்கிற கை வாட்ச் எடுக்காதான்னு."

"போலீஸ்?"

"மீட்டர்தான் வேணாம்னுட்டார். போனாப் போகுது, ஒரு குடும்பத்தோட பொழப்புன்னு. தங்கமான மனுஷன். ஆனா இன்னிக்கு சாயந்திரம் கமிட்டி கூடுது. வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்தி, ரூமைக் காலி பண்ணச் சொல்லப் போறாங்க."

அண்ணி எழுந்து கைப்பையை மாட்டினார். "தம்பி, ஸ்கூட்டரை எடு."

* * *

வாட்ச்மேனின் வீடு தரைத்தளத்தில், மோட்டார் ரூமுக்கு ஒட்டிய ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அவர் மனைவி பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கமிட்டி சாயந்திரம்தான். அவர்கள் காலையிலேயே தீர்ப்பைப் படித்துவிட்டிருந்தார்கள். வாட்ச்மேன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். யூனிஃபார்ம் சட்டை மடித்து மடிமேல் இருந்தது.

அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. மௌனம் தாங்காதவன் செய்வதைச் செய்தேன். "வாட்ச்மேன் வீட்டுக்கு வந்திருக்கோம், மணி பாக்க ஒரு கடிகாரம் கூடக் காணோமே" என்றேன்.

அந்த அம்மாள் ஒரு தட்டைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வாட்ச்மேன், வாட்ச். இதை முதல்ல சொன்னது மூணாவது மாடி சார். அப்புறம் லிஃப்ட்டுல ரெண்டு பேரு சிரிச்சுக்கிட்டாங்க. நீங்க நாலாவது."

மோட்டார் ரூமுக்குள் போய் மோட்டாரைக் கட்டிக்கொண்டு நின்றுவிடலாமா என்று தோன்றியது. அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பார்க்காமல் இருப்பது, பார்ப்பதைவிட மோசம்.

"அண்ணே, நாங்க உங்களைக் குத்தம் சொல்ல வரலை" என்றார் அண்ணி கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து. "நடந்ததைக் கேக்க வந்தோம்."

"பிஸ்கட் எடுத்தது நிஜம்மா" என்றார் வாட்ச்மேன்.

"நான் வாட்சைப் பத்திக் கேக்கறேன்."

"அதை எடுக்கலை. எடுக்கலைன்னு சொல்ல எனக்கு என்ன கூச்சம்? எங்க வேணாலும் நின்னு சொல்வேன். பிஸ்கட்தான்..." சட்டையின் காலரை நீவிக்கொண்டே பேசினார். "மிஞ்சினதை எடுத்துட்டுப் போன்னு டாக்டர் சார் முன்னல்லாம் சொல்லுவார். அன்னிக்குச் சொல்லலை. நானா எடுத்தேன். அதைத் தரையில கொட்டினாங்க. எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. நாலாம் மாடி வீட்டு அம்மா லிஃப்ட்டுல இருந்து இறங்கி நின்னு பாத்தாங்க. அவங்க வீட்டுக்கு நான்தான் தினம் பால் எடுத்துட்டுப் போய்த் தருவேன்."

மனைவி அடுத்த தட்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். காகிதம் மட்டும் சத்தம் போட்டது.

"அவங்க மூணு பேரும் அன்னிக்கு என்ன பேசிக்கிட்டாங்க, ஞாபகம் இருக்கா?"

"எப்பவும் பேசறதுதாம்மா. ஆனா செக்ரட்டரி சார் புதுசா ஒண்ணு சொன்னார். 'இன்னிக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன், மூணோட முதுகையும் திறந்து பாத்துடலாம்'னார். ஏதோ ஆபரேஷன் போலன்னு நான் டீயை வெச்சுட்டு வந்துட்டேன்."

அண்ணியின் இடது புருவம் ஒரு நூல் உயர்ந்தது. அண்ணிக்கு அது கைதட்டல் மாதிரி.

வெளியே வந்ததும் ஸ்கூட்டரில் சாவியைப் போடப் போனேன்.

"தம்பி."

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"இனிமே அந்த வீட்டுல வாயைத் திறக்க மாட்டேன்."

"எந்த வீட்டுலயும்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

* * *

அடுத்துப் போன இடத்தில் என் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். அவ்வளவு பளபளப்பு. வாட்ச் ஷோரூம். உள்ளே குளிர், கண்ணாடி, கிசுகிசுப்பான பாட்டு. காவலாளி அண்ணிக்குக் கதவைத் திறந்தார். எனக்குத் திறப்பதற்குள் கொஞ்சம் யோசித்தார்.

"வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ச் பாக்கணும்" என்றார் அண்ணி விற்பனைப் பெண்ணிடம். "ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப். மிடில் ரேஞ்ச். மூணைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க."

என் அண்ணன் கட்டுவது தலையைத் தட்டினால் ஓடும் ஒரு கடிகாரம். அவன் காதில் இது விழுந்திருந்தால் ஆனந்தத்தில் மயங்கி விழுந்திருப்பான்.

அந்தப் பெண் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு மூன்றை வரிசையாக வைத்தாள். ஒன்று விமானத்தின் டாஷ்போர்டு மாதிரி கறுப்பு. பெரிய எண்கள், இருட்டிலும் தெரியும். இன்னொன்று மெல்லிசாக, நீல முள்ளோடு, சட்டைக் கைக்குள் அடக்கமாகப் போகும். மூன்றாவது வெள்ளை முகத்தில் கறுப்பு வட்டங்கள். 'பாண்டா' என்றாள். கறுப்பில் கனம் அதிகம், ஆனால் இரண்டு நாள் கழற்றி வைத்தாலும் ஓடும். மெல்லிசில் அழகு அதிகம், தண்ணீர் ஆகாது. பாண்டாவில் பொத்தானை அழுத்தினால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இருக்கும், அதற்குத்தான் கூடுதல் விலை. என்ன கேட்டாலும் பதில் வைத்திருந்தாள். அண்ணி மூன்றையும் மாறி மாறிக் கையில் கட்டிப் பார்த்தார், எடை பார்த்தார், காதில் வைத்தார், நிஜமாகவே வாங்கப் போகிறவர் மாதிரி. எனக்கே பயமாகிவிட்டது.

நானும் குனிந்து பார்த்தேன். மூன்றிலும் நடுவில் இருந்த நீள முள் பன்னிரண்டில் நின்றுகொண்டிருந்தது. அசையவில்லை.

"ஏம்மா, இவ்வளவு விலை சொல்றே. மூணுமே நின்னு போயிருக்கே" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் அதை அடக்கவும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"இல்லைங்க சார். விநாடி முள் இந்தச் சின்ன வட்டத்துல இருக்கு, பாருங்க, ஓடுது. நடுவுல இருக்கறது ஸ்டாப்வாட்ச் முள். நாம பொத்தானை அழுத்தினாத்தான் ஓடும். இல்லாட்டி பன்னெண்டுல நின்னுட்டுதான் இருக்கும். ஓடினா, ஒரு சுத்து முடியும்போது இந்த இன்னொரு சின்ன வட்டத்துல ஒரு நிமிஷம் ஏறும்."

பாண்டாவின் பொத்தானை அழுத்தினாள். நீள முள் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. ஒரு சுற்று வந்ததும் சின்ன வட்டத்தில் குட்டி முள் ஒரு கோடு நகர்ந்தது. மறுபடி அழுத்தினாள். நின்றது.

"எதையும் அளக்காம சும்மா ஓட விட்டு வெப்பாங்களா?" என்றார் அண்ணி.

"வெக்கலாம் மேடம். ஆனா வாட்சைப் பத்தித் தெரிஞ்சவங்க பண்ண மாட்டாங்க. வீணாத் தேயும்."

அண்ணி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ முட்டாளா இருக்கறதுல ஒரு ஒழுங்கு இருக்கு தம்பி. கரெக்டா எங்க இருக்கணுமோ அங்க இருக்கே."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

* * *

டாக்டரின் கிளினிக்கில் ஒரு நோயாளி வாயில் பஞ்சோடு காத்திருக்க, டாக்டர் போனை நீட்டினார். மாதா மாதம் எடுத்த போட்டோக்கள். எல்லாவற்றிலும் அதே வெல்வெட் தட்டு, அதே மூன்று வாட்ச்.

"டாக்டர், அவருக்கு ஏன் மீட்டர்னு பேரு?" என்றார் அண்ணி. "குடிநீர் வாரியத்துல இருந்ததாலயா?"

"சே சே. அது நாங்க வெச்ச பேருங்க. அவர் வாட்ச்ல நடுவுல இருக்கிற நீள முள் எப்பவும் ஓடிட்டே இருக்கும். டாக்ஸி மீட்டர் மாதிரி. நிறுத்தி வைங்கய்யான்னா, 'பையன் மொத சம்பளத்துல வாங்கித் தந்தது, ஓடிட்டே இருக்கட்டும்'பார். கேட்டா எங்களுக்கும் நெகிழ்ச்சியா இருக்கும். விட்டுடுவோம்."

"அவர் வாட்ச் பொத்தானை நீங்க அழுத்தியிருக்கீங்களா?"

டாக்டர் யோசித்தார். "இல்ல. போட்டோவுக்குத் தட்டுல வெப்பார், உடனே எடுத்துக் கட்டிப்பார். உண்மையைச் சொன்னா..." கொஞ்சம் நெளிந்தார். "அடுத்தவர் வாட்சைப் பாக்கறதே நம்ம வாட்சைப் பத்திப் பேசத்தானேங்க."

அண்ணி ஒரு போட்டோவைப் பெரிதாக்கினார். டாக்டரின் வாட்சிலும் செக்ரட்டரியின் வாட்சிலும் நீள முள் பன்னிரண்டில் நின்றது. மீட்டரின் வாட்சில் நாலுக்குப் பக்கம். அடுத்த போட்டோ. இரண்டு பன்னிரண்டில், மீட்டருடையது ஏழில். அடுத்தது. பத்தில்.

"இப்ப சின்ன வட்டத்தைப் பாருங்க. ஓடினா நிமிஷம் ஏறணும்."

நானும் டாக்டரும் தலையோடு தலை முட்டிக் குனிந்தோம். எல்லா மாதத்திலும் அந்தக் குட்டி முள் பூஜ்யத்திலேயே இருந்தது.

"மீட்டர் ஓடுது" என்றேன் மெல்ல. "கட்டணம் ஏறலை."

"வட்டம் சும்மா அழகுக்கு" என்றார் அண்ணி. "நடுவுல ஓடறது சாதாரண விநாடி முள். நிறுத்தணும்னாலும் நிறுத்த முடியாது. அது குரோனோகிராஃப் இல்ல டாக்டர். அப்படி வேஷம் போட்ட வாட்ச்."

டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அது நோயாளிக்கான நாற்காலி. நல்லவேளை, அந்த நோயாளி வேறொன்றில் இருந்தார்.

"சனிக்கிழமை வழி கேட்டுப் போன் பண்ண விருந்தாளி யாரு? வாட்ச் மெக்கானிக்தானே?"

"ஆமா. பின்மூடியைத் திறந்து உள்ள இருக்கிற மிஷினை ஒப்பிட்டுப் பாக்கலாம்னு செக்ரட்டரி வரவெச்சார். எங்களுக்கே அங்க வந்தப்புறம்தான் சொன்னார். அதுக்காகத்தான் அன்னிக்கு மூணையும் தட்டுலயே விட்டு வெச்சோம்."

"எல்லாரும் பாக்கெட்டைக் காட்டினோம்னீங்க. யார் யாரு?"

"நான், செக்ரட்டரி, வாட்ச்மேன்."

"மீட்டர்?"

"அவர்தானே பறிகொடுத்தவர். அவர் பாக்கெட்டை எதுக்கு..."

வாக்கியம் பாதியில் நின்றது. பல் டாக்டரின் வாய் திறந்தபடி இருந்தது. அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

* * *

மீட்டர் கதவைத் திறந்தபோது முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார். வீட்டில், மத்தியானத்தில், மின்விசிறி மட்டும் சுற்றும் ஹாலில். மெலிந்த மனிதர். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தனியாக இருந்து பழகியவர்கள் மாதிரி, தம்ளரை வைத்த இடத்தில் வட்டம் விழாமல் துடைத்தார். சுவரில் ஒரு பையனின் படம். பட்டமளிப்பு அங்கி, அகலச் சிரிப்பு.

"வாட்ச் போனாப் போகுதும்மா. நீங்க ஏன் அலையறீங்க?" என்றார்.

"பையன் எங்க சார் இருக்கார்?"

"வெளிநாட்டுல. ஞாயித்துக்கிழமை ஆனா பேசிடுவான்."

"நேத்து பேசினாரா?"

"பேசினான்."

"வாட்ச் காணோம்னு சொன்னீங்களா?"

அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, இடது சட்டைக் கையின் மேல் போய் உட்கார்ந்தது.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "வீடியோவுல பேசுவாரு, இல்ல சார்? கையைக் காட்டச் சொல்வாரு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையை மெதுவாக மடித்தார். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே வாட்ச். நீள முள் எந்தக் கவலையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

எத்தனையோ தடவை, மாட்டிக்கொண்டவன் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தரையைப் பார்த்தேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றார் அண்ணி.

"ஸ்ட்ராப் மாத்தப் போனேன். கடைக்காரர் சின்னப் பையன். சொல்லத் தயங்கி, கடைசில காதோட சொன்னான். இதோட விலை ஸ்ட்ராப் விலைதான் சார்னு." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பையன்கிட்ட கேக்கலை. கேட்டா ரெண்டு பதில்தான் வரும். யாரோ அவனை ஏமாத்திட்டான்னு ஒண்ணு. அவன் என்னை ஏமாத்தினான்னு ஒண்ணு. ரெண்டையும் தாங்கற உடம்பு எனக்கு இல்லம்மா. வாரா வாரம் 'வாட்ச் நல்லா ஓடுதாப்பா'ன்னு கேப்பான். நல்லா ஓடுதுடான்னு சொல்வேன். அது நிஜம்தானே? ஓடத்தானே செய்யுது."

"சனிக்கிழமை?"

"முதுகைத் திறக்கறோம்னான் செக்ரட்டரி. மெக்கானிக் கேட்டாண்ட நிக்கறான்னான். எனக்கு ஒண்ணும் ஓடலை. அவங்க பால்கனிக்குப் போனதும் எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போயிட்டேன். அப்புறம்தான் வாட்ச்மேன் வந்து போனது. அவன் பையைக் கொட்டுவாங்கன்னு நான் நினைக்கலைம்மா. கொட்டினப்போ..." சட்டைக் கையை இறக்கி வாட்சை மூடினார். "பக்கத்துலதான் நின்னேன். வாயில வார்த்தை இருந்துச்சு. பிஸ்கட் உருண்டு வந்து என் செருப்புகிட்ட நின்னுச்சு. நான் காலை நகத்திக்கிட்டேன்."

அவர் தம்ளரைத் தூக்கி, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"வீட்டுலயே இருந்துச்சு, சோபா இடுக்குலன்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

"டாக்டர் எடுத்த போட்டோவுல தட்டுல இருக்கே சார்."

"மறதியா பாக்கெட்ல போட்டுட்டேன்னா?"

அந்தப் பொய் எடுபடும் என்று எனக்கே தெரிந்தது. வயசானவர், மறதி, யாரும் தோண்ட மாட்டார்கள். அண்ணி எழுந்தார்.

"நாங்க கமிட்டிக்கு எதையும் சொல்லப் போறதில்ல. டாக்டரும் வாயைத் திறக்க மாட்டார். நீங்க என்ன சொன்னாலும் சரி, அந்தக் குடும்பம் பெட்டியைப் பிரிச்சுப் பாத்திரத்தை வெளியே எடுக்கணும். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

படியிறங்கும்போது கேட்டேன். "விட்டுட்டீங்களே அண்ணி?"

"அவர் கையில கட்டியிருக்கறது பையன். கையைப் பிடிச்சு நான் கழட்டினா நல்லா இருக்குமா?"

* * *

சாயந்திரம் கிளப் ரூமில் கமிட்டி கூடியது. டாக்டரோடு நாங்களும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர், நாலாம் மாடி அம்மாள் உட்பட. செக்ரட்டரி நடுவில். அகலமான ஆள். பேசும்போது மணிக்கட்டு எப்போதும் வெளிச்சத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார், பாண்டா அவருடையதுதான். வாட்ச்மேன் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். யூனிஃபார்ம் போட்டிருந்தார். ஒப்படைக்க வேண்டியதைப் போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி, பொத்தான்கள் எல்லாம் மாட்டி.

செக்ரட்டரி தொண்டையைக் கனைத்தார். அதற்குள் மீட்டர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து வாட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கிடைச்சிடுச்சு. அன்னிக்கு மறதியா நானே பாக்கெட்ல போட்டிருக்கேன்."

எல்லோரும் வாட்சைப் பார்த்தார்கள். அப்புறம் செக்ரட்டரி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அறையில் அடைத்துக்கிடந்த ஏதோ ஒன்று திறந்துகொண்ட மாதிரி நிம்மதி. "வயசாச்சுய்யா மீட்டர் உமக்கு" என்று தோளில் தட்டினார் செக்ரட்டரி. "நல்ல ஆளு. எங்களையெல்லாம் அலைய விட்டுட்டீர்." அதே சிரிப்போடு கதவுப் பக்கம் திரும்பினார். "சரிப்பா, விஷயம் முடிஞ்சுது. போய் எல்லாருக்கும் டீ கொண்டா."

அவ்வளவுதான். யாரும் வாட்ச்மேனைப் பார்க்கவில்லை. அவர் "சரிங்க சார்" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் எதுவுமே இல்லை, கோபம்கூட. திரும்பிக் கதவைத் தொட்டார்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் கதவைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நில்லுப்பா" என்றார் மீட்டர்.

வாட்ச்மேன் நின்றார்.

மீட்டர் வாட்சை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். பக்கத்துப் பொத்தானை அழுத்தினார். நீள முள் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி அழுத்தினார். இன்னொரு பொத்தானையும் அழுத்தினார். முள் நிற்கவில்லை.

"நிக்காது" என்றார். "நின்னதே இல்ல. இது போலி. முதுகைத் திறந்தா தெரிஞ்சிடும்னு நானேதான் எடுத்து ஒளிச்சேன். மறதி இல்ல. இந்த ஆள் பையைக் கொட்டும்போது பாத்துட்டு நின்னேன்."

செக்ரட்டரியின் சிரிப்பு முகத்தில் வழி தெரியாமல் நின்றது. "மீட்டர், உங்க பையன் வாங்கித் தந்ததுன்னு..."

"ஆமா. அவன் தந்தது." வாட்சை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். "அதை நான் கட்டிப்பேன். உங்க தட்டுல இனிமே வெக்க மாட்டேன்."

மேஜையைச் சுற்றிக்கொண்டு வாட்ச்மேனிடம் போனார். ஏதோ சொன்னார். இரண்டு வயசானவர்கள் கதவடியில் தாழ்ந்த குரலில் பேசியதை நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது என்று முடிவு பண்ணி ஜன்னலைப் பார்த்தேன். டாக்டரும் எழுந்து போனார். அவர் கையைக் கூப்புவதா நீட்டுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் வைத்திருந்தார். நாலாம் மாடி அம்மாள் தன் புடவைத் தலைப்பை மடியில் வைத்து மடித்து மடித்துப் பிரித்தார்.

செக்ரட்டரி கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். வாட்ச் கட்டிய கையை. தீர்மானம் எதுவும் படிக்கப்படவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டீ வந்தது. மறுபடி யாரும் கேட்கவில்லை, வாட்ச்மேன் அவராகக் கொண்டுவந்தார். கூடவே ஒரு தட்டு நிறைய பிஸ்கட். ஒவ்வொருவராகக் குனிந்து தட்டை நீட்டினார். எல்லோரும் "போதும்ப்பா" என்றார்கள். தட்டு குறையாமலே என்னிடம் வந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"எடுத்துக்குங்க தம்பி" என்றார் வாட்ச்மேன். கண்ணில் லேசாக ஏதோ மின்னியது. "போகும்போது பையை யாரும் பாக்க மாட்டாங்க."

நல்ல ஜோக். நான் இன்று காலை அவர் வீட்டில் அடித்ததைவிட எவ்வளவோ நல்ல ஜோக். இரண்டு எடுத்துக்கொண்டேன். வாயில் போட முடியவில்லை. சட்டைப் பையில் போட்டேன்.

அண்ணி முன்னால் நடக்க, கீழே இறங்கினோம். மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. அடுக்குகிற சத்தமா, பிரிக்கிற சத்தமா என்று நின்று கேட்டேன். பிரிக்கிற சத்தம்தான். காகிதத்தைக் கசக்கி எறிகிற சத்தம்.

"என்ன தம்பி, ஒரு ஜோக்கையும் காணோம்?" என்றார் அண்ணி திரும்பாமலே.

"பேட்டரி போச்சு அண்ணி."

"கையை ஆட்டு. தானா ஏறும்."

கையை ஆட்டவில்லை. லிஃப்ட்டிலிருந்து யாரோ இறங்கி எங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்கள். என் வலது கை, என்னைக் கேட்காமலே, சட்டைப் பையை மூடிக்கொண்டது. கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வரும் வரை கையை எடுக்கவில்லை.